வரப்பில் இருவர்

தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்தவனுக்கு வரப்பில் நடக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வரப்பில் எதிரே ஆள் வந்தால் என்ன செய்வது என்பதைத்தான் சொல்லித்தர வேண்டும். எனக்கு அந்தப் பாடம் ஒன்பதாவது வயதில், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், முழங்கால் அளவு சேற்றில் கிடைத்தது.

நடவு நடந்துகொண்டிருந்த சமயம். வயலில் நின்ற தாத்தாவுக்குத் தூக்குச்சட்டியில் காப்பி எடுத்துக்கொண்டு போகிறேன். எதிரே தலையில் நாற்றுக்கட்டோடு ஒருவர் வருகிறார். அவர் கிழக்கே சாய்ந்தார். வழி விடுகிறேன் என்று நானும் கிழக்கே சாய்ந்தேன். அவர் மேற்கே சாய்ந்தார். நானும் மேற்கே சாய்ந்தேன். இரண்டு பேருக்கும் நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தின் பலனாக மூன்றாவது தடவை இரண்டு பேரும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டோம். காப்பி வயலுக்குப் போயிற்று. கூடவே நானும் போனேன்.

தாத்தா வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை.

"என்னலே முழிக்க? சும்மா வாறவன் வயல்ல எறங்கணும், சொமந்துக்கிட்டு வாறவன் நேரே போகணும். அத அங்க நின்னு யோசிக்கப்பிடாது. வீட்டை விட்டுக் கெளம்பும்போதே தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தின் அருமை எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கிற்று. அதுவும் எங்கே? முப்பத்தாறாயிரம் அடி உயரத்தில் பறக்கும் ஆகாய விமானங்களின் சரித்திரத்தைப் படித்தபோது! வரப்பிலிருந்து ஆகாயத்துக்கு இது பெரிய தாவலாயிற்றே என்று வாசகர்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கூடவே வந்தால், தூரம் அவ்வளவு அதிகமில்லை என்பது தெரியும்.

எதிர் எதிரே வருகிறவர்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்க மனிதன் இரண்டு உபாயங்களைத்தான் கண்டுபிடித்திருக்கிறான். இரண்டையும் பார்க்க நம் ஊரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் 1970களின் முற்பகுதியில் கட்டி முடித்த ஈரடுக்கு மேம்பாலம் இருக்கிறது. பஸ்ஸும் லாரியும் மேலே போகும்; சைக்கிளும் சிறு வண்டிகளும் கீழே போகும். மேலே போகிறவனும் கீழே போகிறவனும் முட்டிக்கொள்ள வேண்டுமானால் பாலமே இடிந்து விழ வேண்டும். இது முதல் உபாயம்: உயரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது.

இரண்டாவது உபாயம் ரயிலில். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகத் தென்காசி போகும் பாதை ஒற்றைப் பாதை. மீட்டர் கேஜ் வண்டி ஓடிய நாளில், ஸ்டேஷன் மாஸ்டரின் ஆள் பெரிய பிரம்பு வளையம் ஒன்றை என்ஜின் டிரைவரிடம் நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வளையத்துப் பையில் இருந்ததுதான் டோக்கன். பேட்டைக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையே உள்ள பாதைக்கு ஒரு சமயத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே வரும். அது கையில் இருந்தால் வண்டி போகும், இல்லாவிட்டால் நகராது. எதிரே வண்டி வருகிறதா என்று டிரைவர் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. யோசனையெல்லாம் முன்கூட்டியே முடிந்துவிட்டது.

ஆகாயத்திலும் இந்த இரண்டு ஏற்பாடும் உண்டு. ஒரு விமானத்துக்கு 14,000 அடி என்றால், எதிரே வருவதற்கு 15,000 அடி. டோக்கன் கொடுக்கும் ஸ்டேஷன் மாஸ்டரைப் போலத் தரையிலே கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் உட்கார்ந்து, இன்னார் இந்த உயரம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருக்கிறார். வித்தியாசம் ஒன்றுதான். ஜங்ஷன் பாலத்துக்குக் கான்கிரீட் இருக்கிறது. ஆகாயத்துப் பாலத்துக்கு விமானியின் காதும் கையும் தவிர வேறு தூண் கிடையாது.

1996-ஆம் வருஷம் நவம்பர் 12-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை 6.40 மணிக்கு அந்தத் தூண் சரிந்தது.

டெல்லியிலிருந்து சவூதி விமானம் ஒன்று, போயிங் 747, தாஹ்ரான் வழியாக ஜெத்தா போகப் புறப்பட்டு ஏறிக்கொண்டிருந்தது. கஜக்ஸ்தானின் சிம்கெண்ட் நகரிலிருந்து வந்த இல்யூஷின் விமானம் ஒன்று டெல்லிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஆகாயத்தின் பெரும்பகுதி ராணுவத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருந்ததால், அந்தக் காலத்தில் டெல்லிக்கு வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் ஒரே வழிதான். சவூதி விமானத்துக்கு 14,000 அடி; கஜக் விமானத்துக்கு 15,000 அடி. எதிரே ஒரு போயிங் வருகிறது என்று கட்டுப்பாட்டு அதிகாரி கஜக் விமானத்தை எச்சரிக்கவும் செய்தார். ஆனால் அவர் முன்னிருந்த ராடார், விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டுமே தவிர, எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. கஜக் விமானம் தனக்கிட்ட 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே, மேகத்துக்குள், இரண்டும் மோதின. 349 பேர். ஒருவர்கூட மிஞ்சவில்லை. நடுவானில் இரண்டு விமானங்கள் மோதியதில் உலகத்திலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோன விபத்து இன்றுவரை அதுதான்.

சவூதி விமானத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காகப் போனவர்கள். இந்த ஒரு வாக்கியம் போதும், அன்று நெல்லைச் சீமையில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பதைச் சொல்ல. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் மட்டுமா? தெருவுக்கு ஒரு பிள்ளை அரபு நாட்டுக்குப் போயிருந்த காலம் அது.

எனக்கு அப்போது பதினாறு வயது. எதிர்வீட்டு அத்தையின் மகன் பம்பாய்க்குப் போய், ஏஜெண்டு காட்டிய லாட்ஜில் இரண்டு மாசம் காத்துக்கிடந்தான். 'டிக்கெட் டெல்லி வழியாகத்தான் போடுகிறார்கள்' என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தான். தேதி எழுதவில்லை. புதன்கிழமை காலை ரேடியோச் செய்தி முடிவதற்குள் அத்தை எங்கள் வீட்டு நடையில் நின்றாள்.

"ஏ ஐயா, பேப்பர்ல பேரு போட்டிருக்கானான்னு பாருய்யா."

பேப்பரில் பேர் இல்லை. எண்ணிக்கைதான் இருந்தது. மூன்று நாள் அந்த அம்மாள் எஸ்.டி.டி. பூத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் அவளுக்காகவே கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார். நாலாம் நாள் போன் வந்தது. பையன் எட்டு நாளுக்கு முன்னாலேயே தம்மாம் போய்ச் சேர்ந்துவிட்டான்; புது இடத்தில் போன் செய்ய வழி தெரியவில்லை. அத்தை அப்போதுதான் அழுதாள். மறுநாள் கோயிலில் இரண்டு விளக்கு ஏற்றினாள். "ரெண்டு எதுக்கு அத்தை?" என்று கேட்டேன். "ஒண்ணு நம்ம பிள்ளைக்கு. இன்னொண்ணு அந்தப் பிள்ளைகளுக்கு" என்றாள்.

நீதிபதி லகோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. கொடுத்த உயரத்தை விட்டு இறங்கியது கஜக் விமானத்தின் தவறு என்று முடிவாயிற்று. அந்த விமானத்தில் தரையோடு பேசுகிற வேலை ரேடியோ ஆபரேட்டருடையது. உயரம் காட்டும் கருவி விமானிகளுக்கு முன்னால். கேட்டவர் ஒருவர், ஓட்டியவர் வேறொருவர். நடுவே ஆங்கிலம் என்கிற, அவர்களுக்குச் சரியாக வசப்படாத பாஷை. போகவும் வரவும் தனி வழிகள் வந்தன. உயரத்தையும் காட்டும் ராடார் வந்தது. இவற்றோடு இந்திய சர்க்கார் இன்னொரு கட்டளையும் போட்டது: இங்கே வந்து போகும் விமானங்களில், மோதலை முன்கூட்டிச் சொல்லும் யந்திரம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

அந்த யந்திரத்தின் பெயர் டீகாஸ். அதன் கதையைத்தான் நான் சொல்ல வந்தேன்.

*

'விமானிக்குக் கண் இல்லையா? எதிரே வருவதைப் பார்த்து ஒதுங்கக்கூடாதா?' என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1956 வரைக்கும் அப்படித்தான் பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். அந்த வருஷம் ஜூன் 30-ஆம் தேதி கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேலே 21,000 அடி உயரத்தில் இரண்டு பிரயாணி விமானங்கள் மோதி 128 பேர் மாண்டார்கள். இரண்டும் அன்று காலை ஒரே ஊரிலிருந்து, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து, சில நிமிஷ வித்தியாசத்தில் கிளம்பியவை.

கண்ணை நம்ப முடியாததற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. நம்மீது மோதப்போகும் விமானம் கண்ணாடியில் இடவலமாக நகராது. ஒரே இடத்தில் ஒரு புள்ளியாக நிற்கும். நகருகிற பொருளைத்தான் மனிதக் கண் சட்டென்று பிடிக்கும்; நிற்கிற புள்ளியைத் தூசி என்று விட்டுவிடும். அந்தப் புள்ளி கடைசிச் சில நொடிகளில்தான் திடீரென்று விமானமாகப் பெருக்கும். இரண்டு ஜெட் விமானங்கள் எதிர் எதிரே வந்தால் ஒரு நொடியில் ஏறக்குறைய 450 மீட்டர் நெருங்கிவிடும். திருநெல்வேலிக்கு மேலே ஒன்றும் தூத்துக்குடிக்கு மேலே ஒன்றும் இருந்தால், நடுவிலுள்ள ஐம்பது கிலோமீட்டர் தீர்ந்துபோக இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

கிராண்ட் கேன்யன் விபத்து நடந்த காலத்தையொட்டி, பெண்டிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மாரெல் என்ற விஞ்ஞானி அழகான ஒரு யோசனை சொன்னார். எதிரே வருகிறவன் எத்தனை மைலில் இருக்கிறான் என்று கேட்காதே. எத்தனை நொடியில் வந்து சேருவான் என்று கேள். வேகமாக வருகிறவன் தூரத்தில் இருந்தாலும் ஆபத்து. மெதுவாக வருகிறவன் பக்கத்தில் இருந்தாலும் அவகாசம் உண்டு. வரப்பில் நடக்கிறவனும் தூரத்தை அளப்பதில்லையே, ஆள் வரும் வேகத்தைத்தானே பார்க்கிறான்! கணக்கில் நான் சுமார்தான். ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. இன்றைய யந்திரத்தின் மூளையில் இருப்பது அந்த யோசனைதான்.

யோசனை யந்திரமாக முப்பது வருஷம் பிடித்தது. செலவு அதிகம் என்றார்கள், அவசியமில்லை என்றார்கள். 1986 ஆகஸ்ட் 31 அன்று கலிபோர்னியாவில் செரிடோஸ் என்ற ஊரின் வீடுகள்மேல், ஒரு மெக்ஸிகோ நாட்டுப் பிரயாணி விமானமும் ஒரு சிறு விமானமும் மோதி விழுந்தன. வீட்டில் இருந்தவர்களும் சேர்ந்து 82 பேர் இறந்தார்கள். அடுத்த வருஷமே அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் செய்தது. முப்பது ஆசனங்களுக்கு மேற்பட்ட பிரயாணி விமானங்களிலெல்லாம் டீகாஸ் வந்துவிட வேண்டும் என்றது அந்தச் சட்டம். உலகத்தில் பாதுகாப்புச் சட்டங்களின் சரித்திரத்தைப் புரட்டினால் முதல் பக்கத்தில் எப்போதும் ஒரு சாவுப் பட்டியல்தான் இருக்கிறது.

இனி, அந்த யந்திரம் செய்வது என்ன? சுற்றிலும் பறக்கிற விமானங்களை நொடிக்கொரு தரம் 'நீ எங்கே இருக்கிறாய்? எவ்வளவு உயரம்?' என்று ரேடியோ அலையில் கேட்கிறது. பதில் திரும்பி வர ஆகும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. எவனாவது நெருங்குகிறான் என்றால், உயரத்தைப் பொறுத்து 20 முதல் 48 நொடிக்கு முன்னால் 'டிராஃபிக், டிராஃபிக்' என்று ஒரு குரல் கொடுக்கும். அப்போது விமானி எதுவும் செய்யக்கூடாது. தயாராக வேண்டும், அவ்வளவுதான். ஆபத்து நீங்காவிட்டால், மோதலுக்கு 15 முதல் 35 நொடி இருக்கும்போது இரண்டாவது குரல். அது எச்சரிக்கை அல்ல, உத்தரவு. 'கிளைம்ப், கிளைம்ப்' என்றால் ஏறு. 'டிஸெண்ட், டிஸெண்ட்' என்றால் இறங்கு. இடம் வலம் திரும்பு என்று அது சொல்லவே சொல்லாது. மற்றவன் இருக்கும் திசையை அதனால் அவ்வளவு துல்லியமாகக் கண்டுகொள்ள முடியாது, உயரத்தை முடியும். அதனால் மேலா, கீழா என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

இதில் மிக முக்கியமான விஷயம் வேறு. இரண்டு விமானங்களிலும் இந்த யந்திரம் இருந்தால், அவை தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்கின்றன. ஒன்று 'ஏறு' என்றால் மற்றொன்று 'இறங்கு' என்றுதான் சொல்லும். நானும் நாற்றுக்கட்டுக்காரரும் ஒரே பக்கம் ஒதுங்கினோமே, அது நடக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. விமானிகள் இருவரும் ஒருவரையொருவர் அறியார். பாஷைகூட வேறாக இருக்கலாம்.

விமானி ஐந்து நொடிக்குள் கைவைக்க வேண்டும் என்பது கணக்கு. தானாக ஓட்டும் கருவியை விலக்கிவிட்டு, முள் காட்டும் பச்சைப் பகுதிக்கு விமானத்தைக் கொண்டுபோக வேண்டும். முரட்டுத்தனமாக இழுக்கவும் கூடாது; அப்படி இழுத்தால் மேலே பறக்கும் மூன்றாவது விமானத்தின் வழிக்குப் போய்விடலாம். முதல் உத்தரவை மாற்றி யந்திரம் இரண்டாவது உத்தரவு போட்டால், அதற்குக் கொடுத்திருப்பது இரண்டரை நொடி. எல்லாம் முடிந்தபின் 'கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்' என்று ஒரு குரல் வரும். ஆபத்து நீங்கிற்று, பழையபடி போ என்று அர்த்தம்.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது, கண்ணுக்கு எதுவும் தெரியாத இருட்டில், ஒரு பெட்டி 'ஏறு' என்கிறது. அதே நொடியில் காதில் மாட்டிய ரேடியோவில், மூச்சு வாங்குகிற ஒரு மனிதக் குரல் 'இறங்கு' என்கிறது. நீங்களாக இருந்தால் எதைக் கேட்பீர்கள்?

*

2001 ஜனவரி 31 அன்று ஜப்பானில் இந்தக் கேள்வி எழுந்தது. ஒரே கம்பெனியின் இரண்டு விமானங்கள், இரண்டிலும் சேர்த்து 677 பேர். பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் ஒரு விமானத்தை இறங்கச் சொல்ல நினைத்து, வாய் தவறி மற்ற விமானத்தின் எண்ணைச் சொல்லிவிட்டார். யந்திரம் அந்த விமானத்தை 'ஏறு' என்றது. விமானி மனிதக் குரலைக் கேட்டு இறங்கினார். எதிரே வந்த விமானி யந்திரத்தின் சொல்படி இறங்கினார். கடைசி நொடியில் கண்ணால் பார்த்துத் திமிறி விலகினார்கள். மோதல் தப்பியது, உலுக்கலில் அடிபட்டவர்கள் ஏறக்குறைய நூறு பேர்.

பாடம் அன்றே கையில் கிடைத்தது. 'யந்திரமும் மனிதரும் மாறுபட்டால் யாரைக் கேட்பது?' என்று உலகம் முழுவதற்கும் ஒரே வரியில் எழுதிவைக்க வேண்டிய வேலை மட்டுமே பாக்கி. அந்த வரி எழுதப்படுவதற்கு முன் பதினேழு மாசம் ஓடிப்போயிற்று.

2002 ஜூலை 1 இரவு. ரஷ்யாவின் உஃபா நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் விடுமுறைக்காக பார்ஸிலோனாவுக்கு ஒரு டுபோலெவ் விமானத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். இத்தாலியிலிருந்து பிரஸ்ஸல்ஸ் நோக்கி டி.ஹெச்.எல். கம்பெனியின் சரக்கு விமானம் ஒன்று. தெற்கு ஜெர்மனியில் யூபர்லிங்கன் என்ற ஏரிக்கரை ஊருக்கு மேலே இரண்டும் 36,000 அடியில் குறுக்கிட்டன. அந்த வானத்தைக் கவனிக்கும் பொறுப்பு சுவிட்ஸர்லாந்தில், ஸூரிச்சில் இருந்தது. அங்கே அந்த நேரம் விழித்திருந்தது ஒரே ஒரு அதிகாரி. இரண்டு மேஜைகளை அவரே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்பு வேலைக்காக டெலிபோன் முக்கிய இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். ஆபத்தைத் தங்கள் ராடாரில் கண்ட பக்கத்து நிலையத்தார் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் லைன் கிடைக்கவில்லை.

அதிகாரி நெருக்கத்தைக் கண்டுகொண்டு ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். ஏழு நொடி கழித்து அந்த விமானத்தில் யந்திரம் 'ஏறு' என்றது. அதே வேளையில் சரக்கு விமானத்தில் 'இறங்கு' என்றது. சரக்கு விமானி இறங்கினார். ரஷ்ய விமானத்தில், கருவி ஏறச் சொல்கிறதே என்று துணை விமானி சுட்டிக்காட்டினார். தரையிலிருந்து இறங்கச் சொல்கிறார்கள் என்று மேலதிகாரி பதில் சொன்னார். சின்னவன் கண்டுபிடித்துச் சொல்வதும், பெரியவர் சொல்லிவிட்டார் என்று அந்தச் சொல் அடங்கிப்போவதும் நம் வீடுகளில் புதிதா என்ன? தரையிலிருந்து இரண்டாவது தடவையும் 'இறங்கு, சீக்கிரம்' என்று உத்தரவு வந்தது. எதிராளி வலப்புறம் இருக்கிறான் என்று அதிகாரி தவறாகவும் சொல்லிவிட்டார். அவன் வந்ததோ இடப்புறமிருந்து.

யந்திரத்தின் முதல் உத்தரவிலிருந்து மோதல் வரை 36 நொடி. 71 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அந்தப் பிள்ளைகள்.

இந்தக் கதையில் என்னை உறங்கவிடாதது ஒன்று உண்டு. இதில் கெட்டவன் யாரும் இல்லை. யந்திரங்கள் இரண்டும் சரியாகவே வேலை செய்தன. கட்டுப்பாட்டு அதிகாரி காப்பாற்றத்தான் பார்த்தார். யந்திரம் விமானிகளுக்கு என்ன சொன்னது என்பது அவர் காதுக்கு எட்ட வழியே இல்லை. ரஷ்ய விமானிகளும் கையேட்டில் படித்தபடிதான் நடந்தார்கள். அவர்கள் புத்தகம் தரை அதிகாரியின் சொல்லுக்கே முதலிடம் தருவதாக இருந்தது என்று விசாரணையில் வெளியாயிற்று. சரக்கு விமானி யந்திரத்தின் சொல்லை அட்சரம் பிசகாமல் கேட்டார். கேட்ட அவரும் இறந்தார். இருவரும் யந்திரத்தைக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள். இருவர் இருக்கும் வரப்பில் ஒருவர் மட்டும் விதியை அறிந்திருந்து பிரயோஜனமில்லை.

கதை அங்கேயும் முடியவில்லை. அந்த விபத்தில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்த ஒருவர், 2004 பிப்ரவரியில் அந்தக் கட்டுப்பாட்டு அதிகாரியின் வீட்டைத் தேடிப்போய் அவரைக் குத்திக் கொன்றார். ஒரு வரியை எழுதத் தாமதித்ததற்கு எத்தனை குடும்பங்கள்!

அந்த வரி 2003 நவம்பரில் சர்வதேச விதிகளில் ஏறியது. யந்திரம் உத்தரவு போட்டால் விமானி அதைக் கேட்க வேண்டும். தரை அதிகாரி வேறு சொன்னாலும் யந்திரத்தைத்தான் கேட்க வேண்டும். ஒருபோதும் அதற்கு எதிர்த்திசையில் போகக்கூடாது. 'டீகாஸ் ஆர்.ஏ.' என்று விமானி ரேடியோவில் சொன்ன உடனே, ஆபத்து நீங்கிற்று என்று அவர் சொல்லும் வரை தரை அதிகாரி அந்த விமானத்துக்கு உத்தரவு கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும்.

யந்திரமும் மனிதனிடமிருந்து கற்றுக்கொண்டது. ஏறும் வேகத்தையோ இறங்கும் வேகத்தையோ குறைத்துக்கொள் என்பதற்கு முன்னாளில் 'அட்ஜஸ்ட் வெர்ட்டிகல் ஸ்பீட்' என்று ஒரு குரல் உண்டு. பதற்றத்தில் அதைக் கேட்ட விமானிகள் சிலர் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டார்கள். ஆகவே அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு 'லெவல் ஆஃப்', அதாவது 'சமமாகப் பற' என்று மாற்றினார்கள். ஐரோப்பாவில் 2015 டிசம்பர் முதல் எல்லாப் பெரிய விமானங்களிலும் புதிய குரல்தான். விமானி சொல் கேட்காவிட்டால், அதைப் புரிந்துகொண்டு எதிராளிக்கு உத்தரவைத் தலைகீழாக மாற்றிக் கொடுக்கும் சாமர்த்தியத்தையும் யூபர்லிங்கனுக்குப் பிறகு யந்திரத்தில் கூட்டினார்கள். யந்திரம் தானே விமானத்தைத் திருப்பிக்கொள்ளும் ஏற்பாடும் சில புதிய விமானங்களில் வந்துவிட்டது. அப்படி இருந்தும், பதிவுகளை ஆராய்ந்தவர்கள் ஒன்று சொல்கிறார்கள்: தாமதமாகக் கேட்கிறவர்களும், அரைகுறையாகக் கேட்கிறவர்களும் இன்னும் இருக்கத்தான் இருக்கிறார்கள். 'எதிராளியை நான்தான் பார்த்துவிட்டேனே!' என்று நினைப்பது ஒரு காரணம். பார்த்தது வேறொரு விமானமாக இருக்கலாம் என்பது அந்த நொடியில் மனத்துக்குத் தோன்றுவதில்லை.

நம் பக்கத்திலும் அந்தக் குரல் ஒலிக்காமல் இல்லை. 2018 ஜூலை 10 அன்று இண்டிகோ கம்பெனியின் இரண்டு விமானங்கள், கோயம்புத்தூரிலிருந்து ஹைதராபாத் போவது ஒன்று, பெங்களூரிலிருந்து கொச்சி போவது ஒன்று, பெங்களூர் வானில் நெருங்கிவிட்டன. மேலும் கீழுமாக இடைவெளி 200 அடி அளவுக்குக் குறைந்ததாகச் செய்தி வந்தது. இரண்டு விமானங்களிலும் உத்தரவு ஒலித்தது. 328 பிரயாணிகள் பத்திரமாக இறங்கி அவரவர் பெட்டியைத் தேடிக்கொண்டு வீடு போனார்கள். பத்திரிகையில் இரண்டு நாள் சின்னச் செய்தியாக வந்து மறைந்தது. எஸ்.டி.டி. பூத்து வாசலில் யாரும் உட்கார வேண்டியிருக்கவில்லை.

*

யந்திரத்தைக் கேள், மனிதனைக் கேளாதே என்று ஒரு கதாசிரியன் எழுதலாமா என்று நண்பர் ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். மனித புத்தியைப் பெட்டியிடம் அடகு வைப்பதா என்று கேட்டார். எனக்கும் முதலில் அந்த உறுத்தல் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அது யந்திரத்தின் சொல்லே அல்ல. எத்தனையோ பேர் நிதானமாக உட்கார்ந்து, இறந்தவர்களின் கணக்கையெல்லாம் முன்னால் வைத்துக்கொண்டு, முப்பது நாற்பது வருஷம் யோசித்து எடுத்த முடிவை, யோசிக்க நேரமில்லாத ஒருவனுக்கு அந்தப் பெட்டி ஞாபகப்படுத்துகிறது. அதைக் கேட்கிற விமானி தன் புத்தியை விட்டுக்கொடுக்கவில்லை. எதிரே இருட்டில் வருகிற, முகம் தெரியாத ஒருவனுக்கு 'நான் இந்தப் பக்கம்தான் ஒதுங்குவேன், நீ நம்பி வா' என்று வாக்குக் கொடுக்கிறான். நான் புத்திசாலி, எனக்குத் தோன்றியபடி ஒதுங்குவேன் என்கிறவனை எதிரே வருகிறவன் எப்படி நம்புவது?

அத்தையின் மகன் இருபத்தைந்து வருஷம் அரபு நாட்டில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். அத்தை இப்போது இல்லை. சென்ற வருஷம் அவரோடு சேரன்மகாதேவிப் பக்கம் போயிருந்தேன். இத்தனை தடவை ஆகாயத்தில் போய்வந்தவராயிற்றே, அந்தக் குரலை எப்போதாவது கேட்டதுண்டா என்று விசாரித்தேன்.

"நமக்கு எப்படிடே கேட்கும்? அது முன்னால உள்ள ரூம்பில்லா? ஒரு தடவை திருவனந்தபுரம் வாறப்ப, பள்ளத்துல பஸ் எறங்கின மாதிரி ஒரு குலுக்கு. டீ மடியில கொட்டிட்டு. நான் அந்தப் பைலட்ட நல்லா வஞ்சேன்" என்றார்.

அது காற்றின் குலுக்கலாகவும் இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பேசிக்கொண்டே வரப்பில் போய்க்கொண்டிருந்தோம். எதிரே தலையில் புல்லுக்கட்டோடு ஓர் அம்மாள் வந்தாள். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளாமல் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கி நின்றோம். அவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே நடந்து போனாள்.